நெபுலாவின் சூட்டை ஆற்றும் ஒரு சிட்டிகை ஆக்ஸிஜன்! - 63 ஆண்டுகள் ஏமாற்றிய பச்சை வெளிச்சம்

1927-ம் ஆண்டு. அமெரிக்காவின் பசடேனா நகரில் ஓர் இரவு. மணி ஒன்பது இருக்கும். கால்டெக் கல்வி நிறுவனத்தின் இளம் இயற்பியலாளர் ஐரா போவன் வீட்டுக்குத் திரும்பி, தூங்கப்போவதற்காக உடை மாற்றிக்கொண்டிருந்தார். வயது 28. பாதி மாற்றியவர், ஏதோ நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டார். ஓர் அணுவை யாருமே இடிக்காமல் தனியாக விட்டுவிட்டால் அது என்ன செய்யும்?

கழற்றிய உடையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே போனார். நள்ளிரவு வரை கணக்கு போட்டார். வானியல் உலகம் 63 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த விடை அந்த இரவில் சிக்கியது. விண்வெளியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிய விடை அது. இன்னும் சரியாகச் சொன்னால், இல்லவே இல்லாத ஒரு பொருளைப் பற்றிய விடை!

பட்டு வியாபாரி பார்த்த கோடுகள்

கதை தொடங்குவது லண்டனில். வில்லியம் ஹக்கின்ஸ் பட்டுத்துணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கடையை விற்றுவிட்டு, டல்ஸ் ஹில் பகுதியில் வீட்டோடு ஒட்டி ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டவர். அன்றைய வானியலாளர்களிடையே பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. வானத்தில் ஆங்காங்கே புகைபோலத் தெரியும் நெபுலாக்கள் உண்மையிலேயே வாயு மேகங்களா, அல்லது ரொம்ப தூரத்தில் இருப்பதால் புகைபோலத் தெரியும் நட்சத்திரக் கூட்டங்களா?

1864 ஆகஸ்ட் 29 இரவு. டிராகோ விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஒரு நெபுலாவை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார் ஹக்கின்ஸ். இன்று அதற்குப் 'பூனைக் கண் நெபுலா' என்று பெயர். அதன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரமாக இருந்தால் வானவில்போல ஏழு நிறமும் பரவியிருக்க வேண்டும். ஆனால், தெரிந்தது ஒரே ஒரு பளிச்சென்ற கோடு. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார். இன்னும் உற்றுப் பார்த்தபோது பக்கத்தில் மேலும் இரண்டு மெல்லிய கோடுகள். அவ்வளவுதான்!

இப்படித் தனித்தனிக் கோடுகளாக ஒளிர்வது வாயுவின் குணம். ஆக, சண்டையில் ஒரு பாதி முடிந்தது. அந்த நெபுலா ஒரு வாயு மேகம்தான். ஆனால், என்ன வாயு? ஒரு கோடு ஹைட்ரஜனுடையது. மற்ற இரண்டு பச்சைக் கோடுகள்தான் தொல்லை கொடுத்தன. பிரகாசமான கோடு நைட்ரஜனாக இருக்குமோ என்று சந்தேகித்தார்கள். துல்லியமாக அளந்தபோது பொருந்தவில்லை. பூமியில் இருக்கும் எந்தப் பொருளைச் சூடாக்கினாலும் அந்த இரண்டு கோடுகள் வரவில்லை.

அப்படியானால் பூமியில் இல்லாத ஒரு புதிய தனிமம்? அதற்கு 'நெபுலியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். அன்று அது நியாயமான முடிவு. ஏனென்றால், இதேபோல ஒரு முறை நடந்திருந்தது. 1868 ஆகஸ்ட் 18-ல் இந்தியாவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரான்ஸிலிருந்து ஜான்சன் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் மச்சிலிப்பட்டினத்துக்குப் போனார். அந்தக் காலகட்டத்தில் சூரிய ஒளியில் பார்த்த ஒரு மஞ்சள் கோட்டுக்குத் தெரிந்த தனிமம் எதுவும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895-ல் அதே ஹீலியம் பூமியிலும் கிடைத்துவிட்டது! ஹீலியம் கிடைத்தது, நெபுலியமும் ஒருநாள் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள்.

கிடைக்கவில்லை. மாறாக, தனிமங்களின் அட்டவணை மெள்ள மெள்ள நிரம்பிக்கொண்டே வந்தது. 1920-களில் ஒரு புது லேசான தனிமத்தை உட்காரவைக்க அதில் நாற்காலியே காலி இல்லை. ஹக்கின்ஸ் 1910-ல் இறந்துபோனார், விடை தெரியாமலே.

இடிக்க ஆள் இல்லாத இடம்

போவன் அந்த இரவில் கண்டுபிடித்தது இதுதான். நெபுலியம் என்று ஒன்று கிடையாது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த, நாம் ஒவ்வொரு நொடியும் சுவாசிக்கிற ஆக்ஸிஜன். இரண்டு எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த ஆக்ஸிஜன்.

பிறகு ஏன் பூமியில் அந்தப் பச்சைக் கோடு வரவில்லை? நெரிசல்தான் காரணம்.

ஓர் அணு கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொண்டால் உயர்ந்த படியில் ஏறி நிற்கும். பிறகு அந்த ஆற்றலை ஒளியாக விட்டுவிட்டுக் கீழே இறங்கும். சாதாரணமாக இந்த இறக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஆனால், அந்தப் பச்சை ஒளிக்கான படியில் ஏறிய ஆக்ஸிஜன் அவ்வளவு எளிதில் இறங்காது. சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கும். அணு உலகத்தில் அரை நிமிடம் என்பது ஒரு யுகம்!

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடி மடங்கு மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றையொன்று நொடிக்குப் பல நூறு கோடி முறை இடித்துக்கொள்கின்றன. தீபாவளிக்கு முதல் நாள் டவுன் பஸ்ஸில் அரை நிமிடம் அசையாமல் நிற்க முடியுமா? ஒளியை வெளிவிடும் முன்பே யாராவது இடித்து, அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காலத்து ஆய்வகங்களில் உருவாக்க முடிந்த வெற்றிடம்கூட இதற்குப் போதாது.

நெபுலாவில் கதையே வேறு. ஓரியன் நெபுலாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள்தான். படியில் நிற்கிற ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும்படி ஓர் எலெக்ட்ரான் வந்து மோதப் பல நிமிடங்கள் ஆகும். சில இடங்களில் மணிக்கணக்காகும். அதற்குள் அது நிதானமாகத் தன் பச்சை ஒளியை விட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. இயற்பியலில் இவற்றுக்குத் 'தடை செய்யப்பட்ட கோடுகள்' என்று பெயர். தடை முழுமையானது இல்லை, ரொம்பத் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான்.

ஒரு புதிர் தீர்ந்தது. இந்தப் பச்சை ஒளி வெறும் அலங்காரம் இல்லை, அந்த மேகத்தின் சூடு வெளியேறும் வழி என்பது இதன் மூலம்தான் புரியத் தொடங்கியது.

விண்வெளியில் காபி ஆறுமா?

டம்ளரில் இருக்கும் சூடான காபி எப்படி ஆறுகிறது? டம்ளருக்குக் கொஞ்சம், மேஜைக்குக் கொஞ்சம், காற்றுக்குக் கொஞ்சம் என்று சூட்டைப் பங்குபோட்டுக் கொடுத்து ஆறுகிறது. அவசரமென்றால் டபராவில் ஊற்றி ஆற்றுகிறோம். விண்வெளியில் மிதக்கும் வாயு மேகத்துக்கு டபராவும் இல்லை, காற்றும் இல்லை. சூட்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் யாருமே கிடையாது. ஒரே வழி, சூட்டை ஒளியாக மாற்றி வெளியே அனுப்புவது.

சூடு எங்கிருந்து வருகிறது? ஓரியன் நெபுலாவின் நடுவில் 'டிரப்பீசியம்' என்ற சின்ன நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரிய நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பம் கிட்டத்தட்ட 39,000 டிகிரி. சூரியனைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. அது கொட்டும் புற ஊதாக்கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களை உடைத்து, எலெக்ட்ரானைத் தனியாகப் பிய்த்துவிடுகின்றன. இப்படி உடைந்துபோன வாயுதான் அயனியாக்கப்பட்ட வாயு, அதாவது பிளாஸ்மா.

இதை ஒரு பொருட்காட்சியாக நினைத்துப் பார்க்கலாம். ஒரு புற ஊதாக்கதிர் கையில் 20 ரூபாயோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்க நுழைவுக் கட்டணம் 13 ரூபாய் 60 காசு. (இயற்பியலாளர்கள் ரூபாய்க்குப் பதில் எலெக்ட்ரான் வோல்ட் என்பார்கள். எண் அதேதான்.) மீதி 6 ரூபாய் 40 காசு விடுபட்ட எலெக்ட்ரானின் பைக்குள் போகிறது. அதுதான் அதன் வேகம். அந்த எலெக்ட்ரான் மற்றவற்றோடு மோதி, காசைப் பகிர்ந்துகொள்கிறது. எல்லோர் கையிலும் காசு ஏற ஏற, வாயு சூடாகிறது.

இனி செலவு. பொருட்காட்சியில் பெரிய கடை ஹைட்ரஜன். ஆனால், அங்கே மலிவான பொருளே 10 ரூபாய் 20 காசு! சுமார் பத்தாயிரம் டிகிரி வெப்பத்தில் ஓர் எலெக்ட்ரானின் பையில் சராசரியாக இருப்பது 1 ரூபாய் 30 காசுதான். அந்தக் கடைப் பக்கம் போகவே முடியாது. மூலையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது, ஆக்ஸிஜன். ஏறக்குறைய 2,000 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே ஒன்று என்ற அளவில்தான் ஆக்ஸிஜன் இருக்கிறது. சாம்பாரில் போடும் பெருங்காயம் மாதிரி. ஆனால், அங்கே பொருளின் விலை 2 ரூபாய் 50 காசு. கொஞ்சம் வசதியான எலெக்ட்ரான்கள் எல்லாம் அந்தக் கடையில்தான் போய் விழுகின்றன. வாங்கிய காசைக் கடைக்காரர் பச்சை ஒளியாக வெளியே வீசிவிடுகிறார். அது நெபுலாவை விட்டே போய்விடுகிறது. நைட்ரஜன், கந்தகக் கடைகளில் விலை இன்னும் குறைவு, 2 ரூபாய்க்கும் கீழே. அவை சிவப்பு ஒளியாக அனுப்புகின்றன.

அயர்ன் பாக்ஸ் மாதிரி

இதில் ஒரு விசேஷம் உண்டு. எலெக்ட்ரான்களின் சராசரிக் காசு கொஞ்சம் கூடினாலே 2 ரூபாய் 50 காசு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். வெப்பம் 5,000 டிகிரியிலிருந்து 10,000 டிகிரிக்கு, அதாவது இரண்டு மடங்கானால், பச்சை ஒளி வழியாகப் போகும் செலவு பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். வரவோ அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் சூடு கூடினால் செலவு அதை இழுத்துக் கீழே கொண்டுவரும். சூடு குறைந்தால் கடையில் கூட்டம் குறையும், காசு மறுபடி சேரும். அயர்ன் பாக்ஸுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் செய்கிற அதே வேலை!

ஆகவேதான் நடுவில் இருக்கும் நட்சத்திரம் 35,000 டிகிரியோ 45,000 டிகிரியோ, சுற்றியிருக்கும் மேகம் பெரும்பாலும் பத்தாயிரம் டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஓரியன் நெபுலாவில் சுமார் 9,000 டிகிரி.

சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். அப்படியென்றால், நெபுலாவுக்குள் கையை நீட்டினால் வெந்துவிடுமா? வேகாது. கம்பி மத்தாப்புப் பொறி கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதானே? பொறியின் வெப்பம் அதிகம், ஆனால் அதில் இருக்கும் பொருள் துளி. நெபுலாவில் அதுவும் கிடையாது. அங்கே மாட்டிக்கொண்டவர் சூட்டில் அல்ல, காற்றில்லாமல்தான் திண்டாடுவார்.

ஏழை கேலக்ஸிக்குக் காய்ச்சல்

ஆக்ஸிஜன்தான் ஆற்றுகிறது என்றால், அது குறைவாக இருக்கும் இடத்தில் வாயு அதிகம் சுட வேண்டுமே? அப்படித்தான் இருக்கிறது. ஐ ஸ்விக்கி 18 என்று ஒரு குட்டி கேலக்ஸி. சூரியனில் இருக்கும் ஆக்ஸிஜன் விகிதத்தில் சுமார் 3 சதவீதம்தான் அங்கே உண்டு. கடை கிட்டத்தட்ட மூடிக்கிடக்கிறது. காசைச் செலவழிக்க வழியில்லாமல் அங்குள்ள நெபுலாக்களின் வெப்பம் 20,000 டிகிரியை நெருங்குகிறது. மாறாக, நம் பால்வெளி கேலக்ஸியில் மையத்தை நோக்கிப் போகப்போக ஆக்ஸிஜன் கூடுகிறது, நெபுலாக்களின் சூடு குறைகிறது.

அந்த ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது? பழைய நட்சத்திரங்களின் வயிற்றில் சமைக்கப்பட்டு, அவை இறந்தபோது வெளியே கொட்டப்பட்டது. பிரபஞ்சத்தின் முதல் வாயு மேகங்களில் அது அறவே கிடையாது. ஒரு மேகம் ஆறினால்தான் சுருங்கி நட்சத்திரமாக முடியும். ஆற்றுவதற்குச் சரியான கடைகள் இல்லாததால், முதல் நட்சத்திரங்கள் ராட்சத அளவில் பிறந்திருக்கும் என்று கணிக்கிறார்கள்.

சூரியனும் அதே மாதிரி ஏமாற்றியது

நெபுலியத்துக்கு ஒரு தம்பியும் உண்டு, 'கொரோனியம்'. 1869 கிரகணத்தில் சூரியனின் வெளிவட்டமான கொரோனாவில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. வழக்கம்போல புதுத் தனிமம் என்றார்கள். 1940 வாக்கில்தான் ஜெர்மனியின் குரோட்ரியனும் ஸ்வீடனின் எட்லேனும் அது 13 எலெக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று காட்டினார்கள். இரும்பு அத்தனை எலெக்ட்ரான்களை இழக்க வேண்டுமென்றால் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்ட வேண்டும். 5,500 டிகிரி மேற்பரப்புக்கு மேலே இருக்கும் வாயு எப்படிப் பத்து லட்சம் டிகிரி ஆனது? நெபுலாவின் வரவு செலவுக் கணக்கு இங்கே செல்லாது. காந்தப்புலத்தின் கைவரிசை என்று தெரியும், எந்த விதத்தில் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் கருவி ஒன்று அதே பச்சைக் கோட்டையும் கண்காணிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

தெர்மாமீட்டரில் ஒரு வில்லங்கம்

நெபுலாவின் கதையும் முழுசாக முடிந்துவிடவில்லை. ஆக்ஸிஜன் கடையின் மேல் அடுக்கில் 5 ரூபாய் 35 காசுக்கு இன்னொரு பொருள் உண்டு. அது விற்றால் நீல ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வரும். 2 ரூபாய் 50 காசுப் பொருள் எத்தனை விற்றது, 5 ரூபாய் 35 காசுப் பொருள் எத்தனை விற்றது என்று ஒப்பிட்டால் எலெக்ட்ரான்களின் பையில் சராசரியாக எவ்வளவு காசு என்று சொல்லிவிடலாம். பல ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்கு இதுதான் தெர்மாமீட்டர். வெப்பம் தெரிந்தால், பச்சை ஒளியின் அளவை வைத்து ஆக்ஸிஜன் எவ்வளவு என்றும் கணக்கிடலாம்.

ஆனால், எலெக்ட்ரான் ஆக்ஸிஜனோடு திரும்பச் சேரும்போது வரும் வேறொரு மங்கலான ஒளியை வைத்துக் கணக்கிட்டால், ஆக்ஸிஜன் அதிகமாக வருகிறது. ஓரியனில் இந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குள். சில நெபுலாக்களில் பத்து மடங்குக்கும் மேல்! 1967-ல் மெக்சிகோ வானியலாளர் மானுவல் பெய்ம்பெர்ட் ஒரு காரணம் சொன்னார். நெபுலா முழுக்க ஒரே சூட்டில் இல்லை. அங்கங்கே சூடான திட்டுகள் இருந்தால், விலை உயர்ந்த பொருள் அங்கேதான் அதிகம் விற்கும். தெர்மாமீட்டர் அந்தத் திட்டுகளின் சூட்டையே மொத்த நெபுலாவின் சூடாகக் காட்டிவிடும், ஆக்ஸிஜன் குறைவாகத் தெரியும். சரி, அந்தத் திட்டுகளைச் சூடாக்குவது எது? அரை நூற்றாண்டு தாண்டியும் வானியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. இதை உள்ளூர்ச் சண்டை என்று ஒதுக்க முடியாது. தூரத்துக் கேலக்ஸிகளில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று சொல்லும் எண்களில் பெரும்பகுதி இந்தத் தெர்மாமீட்டரை நம்பித்தான் இருக்கிறது.

அந்தத் தேடல் இப்போது எங்கோ போய்விட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்த ஜேட்ஸ் ஜி.எஸ். இசட்-14-0 என்ற கேலக்ஸியிலிருந்து வரும் ஒளி, பிரபஞ்சம் பிறந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாதபோது கிளம்பியது. சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி அதில் ஆக்ஸிஜனைப் பிடித்துவிட்டதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். போவனின் அதே ஆக்ஸிஜன், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்தது. கடையில் ஒன்றிரண்டு காசுக்கு விற்கும் பொருளும் உண்டு, அகச்சிவப்பு ஒளி. இந்த முறை சிக்கியது அது. அத்தனை சீக்கிரத்திலேயே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து, ஆக்ஸிஜனைச் சமைத்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கின்றன.

பார்க்க ஆசையா?

ஓரியன் நெபுலாவைப் பார்க்க வானாய்வகம் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு வானத்தைப் பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு ஒரு பக்கம் இருக்கும் செந்நிற நட்சத்திரம்தான் திருவாதிரை. மறுபக்கம், மூன்றிலிருந்து தொங்குகிற மாதிரி சில மங்கலான புள்ளிகள் இருக்கும். அவற்றின் நடுப்புள்ளி கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் நெபுலா. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டுகள். சாதாரண பைனாகுலரிலேயே புகைபோலத் தெரியும்.

படங்களில் அது சிவப்பும் ரோஜாவுமாக இருக்கும். அது ஹைட்ரஜனின் நிறம். இருட்டில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண் எந்த நிறத்தை நன்றாக உணருமோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஆக்ஸிஜனின் பச்சைக் கோடு இருக்கிறது. ஓரளவு பெரிய தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் சாம்பல் கலந்த பச்சை என்பார்கள்.

நிலா இல்லாத இரவாக இருக்கட்டும். தெருவிளக்கு படாத மொட்டைமாடி நல்லது. கண் பழக 20 நிமிடம் ஆகும். அதுவரை இந்த மொபைலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒருமுறை திரையைப் பார்த்தாலும் 20 நிமிடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்!